சீசனில் சைட் படுத்துவிடுகிறதா? லோடு டெஸ்டிங் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கம்பம், போடி, குமுளி, வண்டன்மேடு பக்கம் வேன் புக்கிங், லாட்ஜ் அறை, ஏலக்காய் வியாபாரக் கணக்கு என்று சின்னச் சின்ன வெப் அப்ளிகேஷன் செய்து ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். வருஷம் முழுக்கச் சாதுவாக ஓடும் சைட், கார்த்திகை முதல் தேதி பிறந்து சபரிமலைக் கூட்டம் மலையேற ஆரம்பித்ததும் திணறும். அப்போது வரும் போன்களில் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். கேட்டவர்கள் கேட்டபடியே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

1. லோடு டெஸ்டிங்னா என்னண்ணே? ஆபீஸ்ல அஞ்சு பேரும் ஒண்ணா கிளிக் பண்ணிப் பாத்தோம், நல்லாத்தானே ஓடுது?

ஐந்து பேர் கிளிக் செய்தால் சைட் வேலை செய்கிறது என்று மட்டும் தெரியும். கூட்டம் வந்தால் தாங்குமா என்பது தெரியாது. அதற்கு, பயணி செய்வதைப் போலவே வண்டி தேடி, சீட் பார்த்து, புக் செய்யும் ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதி, நூற்றுக்கணக்கில் ஒரே நேரத்தில் ஓடவிட வேண்டும். பதில் வர எவ்வளவு நேரமாகிறது, எந்த அளவில் பிழை வர ஆரம்பிக்கிறது என்று அளக்க வேண்டும்.

எதிர்பார்க்கும் கூட்டத்தை ஓட்டிப் பார்ப்பது லோடு டெஸ்ட். உடையும்வரை ஏற்றிக்கொண்டே போவது ஸ்ட்ரெஸ் டெஸ்ட். ஒரே நிமிஷத்தில் குவிப்பது ஸ்பைக் டெஸ்ட். மிதமான கூட்டத்தை மணிக்கணக்கில் ஓடவிடுவது சோக் டெஸ்ட். நம் பக்கத்து சைட்களுக்கு ஸ்பைக்தான் முக்கியம் என்பேன். ஐயப்ப பக்தர்களின் வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாகத் திருப்பிவிடுகிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்த அடுத்த நிமிஷம் எல்லா டிரைவரும் ஒன்றாகத்தான் ஆப்பைத் திறப்பார்கள்.

2. எத்தனை பேர வச்சு டெஸ்ட் பண்ணணும்? ஓனர் பத்தாயிரம்னு வாய்க்கு வந்ததச் சொல்றாரு.

ஓனரைக் கேட்காதீர்கள், போன சீசனின் ஆக்சஸ் லாகை (சர்வர் தன்னிடம் வந்தவற்றை எல்லாம் நேரத்தோடு எழுதிவைக்கும் ஃபைல்) கேளுங்கள். மிகவும் நெரிசலான ஒரு நிமிஷத்தைத் தேடி எடுங்கள். நாள் மொத்தத்தை 24 மணி நேரத்தால் வகுத்து வரும் எண் எதற்கும் உதவாது. ராத்திரி மூன்று மணிக்கு யாரும் வேன் பிடிப்பதில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அந்த நிமிஷத்தில் 300 பேர் புதிதாக உள்ளே வந்தார்கள் என்றால் நொடிக்கு 5 பேர். ஒருவர் உள்ளே வந்து புக் செய்து வெளியேற 4 நிமிஷம், அதாவது 240 நொடி. அப்படியானால் எந்த நேரத்திலும் சைட்டில் 5 × 240 = 1,200 பேர் இருப்பார்கள். ஆனால் அந்த 240 நொடியில் ஒருவர் சர்வரிடம் 8 தடவைதான் கேட்கிறார். 5 × 8, நொடிக்கு 40 ரிக்வெஸ்ட். ஒன்றுக்குப் பதில் சொல்ல அரை நொடி என்றால், சர்வர் ஒரே நேரத்தில் கையில் வைத்திருப்பது 20 ரிக்வெஸ்ட் மட்டுமே. இது லிட்டில்ஸ் லா. ஜான் லிட்டில் 1961ல் நிரூபித்தது. வருகிற வேகத்தை, தங்கும் நேரத்தால் பெருக்கினால் உள்ளே இருப்பவர்களின் எண்ணிக்கை.

ஆக "1,200 பேர்", "20 ரிக்வெஸ்ட்" இரண்டும் ஒரே கூட்டத்தைத்தான் சொல்கின்றன. ஸ்கிரிப்டில் படிக்கும் நேரம், யோசிக்கும் நேரம் எதுவும் வைக்காமல் 1,200 த்ரெட்டை (ஸ்கிரிப்டை ஓட்டும் போலிப் பயணிகளை) அவிழ்த்துவிட்டால், நீங்கள் சோதிப்பது உலகத்தில் இல்லாத ஒரு கூட்டத்தை. இந்த நொடிக்கு 5 என்ற எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கீழே 7ல் வேண்டியிருக்கும்.

3. எந்த டூல் நல்லது?

உங்களுக்கு எழுத வருகிற மொழியில் இருப்பது. பைத்தான் தெரிந்தால் லோக்கஸ்ட், ஜாவாஸ்கிரிப்ட் தெரிந்தால் கே6, கோட் எழுதப் பிடிக்காவிட்டால் ஜேமீட்டர். மூன்றும் இலவசம். டூலைத் தேர்ந்தெடுக்க ஒரு வாரம் செலவழிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த வாரத்தில் ஸ்கிரிப்டையே ஒழுங்காக எழுதிவிடலாம்.

4. ஜேமீட்டர்ல 500 த்ரெட் போட்டதும் என் லேப்டாப்பே தொங்குது. சர்வர் ஸ்லோவா, நான் ஸ்லோவா?

நீங்கள்தான். ஜேமீட்டரின் ஜன்னல் திரை ஸ்கிரிப்ட் எழுதுவதற்கு மட்டும். உண்மையான டெஸ்டை ஜன்னல் இல்லாமல் கட்டளை வரியில் ஓட்ட வேண்டும். ஒவ்வொரு பதிலையும் மரமாகக் காட்டும் லிசனரை எடுத்துவிடுங்கள், மெமரியைத் தின்பதே அதுதான்.

வீட்டு பிராட்பேண்டிலிருந்து லோடு அனுப்புவதும் வேண்டாம். சர்வர் இருக்கும் அதே ரீஜியனில் (கிளவுட் கம்பெனியின் டேட்டா சென்டர்கள் இருக்கும் பகுதி) ஒரு மெஷினை மணிக்கணக்குக்கு வாடகைக்கு எடுத்து அங்கிருந்து அடியுங்கள். லோடு அனுப்பும் மெஷினின் சிபியு, மெமரி, நெட்வொர்க் மூன்றையும் டெஸ்ட் நடக்கும்போதே பார்த்துக்கொண்டிருங்கள். அது மூச்சு முட்டினால் அந்த ரிசல்ட்டைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

5. ரிசல்ட் சூப்பரா வந்துச்சுண்ணே. எல்லாமே 20 மில்லிசெகண்ட், பிழையே இல்ல!

சந்தேகப்படுங்கள். முக்கால்வாசி நேரம் லாகின் தோற்றுப்போய், எல்லா ரிக்வெஸ்ட்டும் லாகின் பக்கத்துக்கே திருப்பி அனுப்பப்பட்டிருக்கும். அந்தப் பக்கம் லேசானது, வேகமாக வரும், ஸ்டேட்டஸ் கோடும் 200, அதாவது 'சரி' என்றே இருக்கும். டூலுக்கு அதுவும் வெற்றிதான். பதிலில் புக்கிங் எண் வந்திருக்கிறதா என்று ஸ்கிரிப்ட் சரிபார்க்க வேண்டும். டெஸ்ட் முடிந்ததும் டேட்டாபேஸில் எத்தனை புக்கிங் விழுந்திருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். டூல் சொல்லும் எண்ணிக்கையும் அதுவும் பொருந்த வேண்டும்.

6. ஆவரேஜ் அரை செகண்டுக்குள்ளதான் இருக்கு. ஆனா கம்ப்ளெய்ன்ட் மட்டும் நிக்கல. ஜனங்க பொய் சொல்றாங்களா?

ஜனங்கள் உண்மையைத்தான் சொல்கிறார்கள். 97 ரிக்வெஸ்ட்டுக்கு 0.2 நொடி, 3 ரிக்வெஸ்ட்டுக்கு 8 நொடி என்று வையுங்கள். சராசரி 0.43 நொடி. பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் ஒருவர் புக் செய்து முடிக்க 8 ரிக்வெஸ்ட் என்று மேலே பார்த்தோம். எட்டில் ஒன்றுகூட அந்த மூன்று சதவீதத்தில் மாட்டாமல் தப்பிக்க 78 சதவீத வாய்ப்புதான் உண்டு. ஐந்தில் ஒருவருக்கு மேல் எங்கேயோ ஒரு இடத்தில் 8 நொடி முழித்துக்கொண்டு நிற்கிறார்.

அதனால் சராசரியை விட்டுவிட்டு 95ஆம், 99ஆம் பெர்சென்டைலைப் பாருங்கள், அதாவது 100 ரிக்வெஸ்ட்டை வேகமானதிலிருந்து அடுக்கினால் 95ஆவதாகவும் 99ஆவதாகவும் நிற்பவற்றின் நேரத்தை. இரண்டு சர்வரின் 99ஆம் பெர்சென்டைலைக் கூட்டி இரண்டால் வகுத்து ஒரு எண் சொல்லும் டாஷ்போர்டுகள் உண்டு. அந்த எண்ணுக்கு அர்த்தமே கிடையாது. மூல அளவுகளைச் சேர்த்துவைத்துத்தான் மறுபடி கணக்கிட வேண்டும்.

7. சிபியு 20 பர்சென்ட் கூட இல்ல. மெமரியும் இருக்கு. அப்புறம் ஏன் ஸ்லோ?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். வெப் அப்ளிகேஷனில் மெதுவாவது என்பது பெரும்பாலும் வேலை செய்யும் நேரம் கூடுவதால் வருவதில்லை, காத்திருக்கும் நேரம் கூடுவதால் வருவது. குமுளி செக்போஸ்ட்டில் ஒரு வழியை மட்டும் திறந்துவிட்டால் வரிசை லோயர் கேம்ப் வரை நிற்கும். தாண்டிப் போனால் ரோடு காலியாகக் கிடக்கும். நீங்கள் பார்க்கும் சிபியு அந்தக் காலி ரோடு. வரிசை எங்கே நிற்கிறது என்று தேடுங்கள்.

வழக்கமாக நிற்கும் இடங்கள் சில. பிஹெச்பி என்றால், அந்தக் கோடை ஓட்டும் எஃப்பிஎம்மின் மேக்ஸ் சில்ட்ரன், அதாவது ஒரே நேரத்தில் எத்தனை ரிக்வெஸ்ட்டைக் கவனிக்கலாம் என்ற எண்ணிக்கை. அதோடு வரும் கான்ஃபிக் ஃபைலில் அது வெறும் 5. எட்டிவிட்டால் லாகிலேயே எச்சரிக்கை எழுதும், யாரும் திறந்து பார்ப்பதில்லை. ஜாவா ஸ்ப்ரிங் பூட் என்றால் ஹிகாரி கனெக்ஷன் பூல் (டேட்டாபேஸுக்குத் திறந்துவைத்திருக்கும் இணைப்புகளின் தொகுப்பு), டிஃபால்ட் 10. கனெக்ஷன் கிடைக்காமல் 30 நொடி காத்திருந்து பிழை தரும். லாகில் "30000" என்ற எண் தெரிந்தால் அது இதுதான்.

ஒரு வேன் புக்கிங் சைட்டில் பார்த்தது இது. புக்கிங் கோடு டேட்டாபேஸ் டிரான்சாக்ஷனைத் திறந்து, சீட்டைக் குறித்து, அதற்குள்ளேயே எஸ்எம்எஸ் கேட்வேயைக் கூப்பிட்டு, பதில் வந்த பிறகு கமிட் செய்தது, அதாவது டிரான்சாக்ஷனை முடித்துக் கனெக்ஷனை விட்டது. சாதாரண நாளில் கேட்வே சட்டென்று பதில் சொல்லும். சீசனில் 3 நொடி எடுத்தது. கனெக்ஷன் 10, ஒவ்வொன்றும் 3 நொடி பிடிபடுகிறது. நொடிக்கு 3.3 புக்கிங்குக்கு மேல் எந்த ராட்சச சர்வர் வைத்தாலும் போகாது. வருவதோ, 2ஆம் கேள்வியில் பார்த்தது போல, நொடிக்கு 5. சிபியு தூங்கிக்கொண்டிருந்தது. எஸ்எம்எஸ்ஸை கமிட்டுக்குப் பிறகு, தனி க்யூ வழியாக அனுப்பும்படி மாற்றியதும் சரியானது.

இதைக் கண்டுபிடிக்கக் காசு கொடுத்து டூல் வாங்க வேண்டாம். சைட் திணறும்போதே த்ரெட் டம்ப் (சர்வரில் ரிக்வெஸ்ட்டைக் கவனிக்கும் ஒவ்வொரு த்ரெட்டும் அந்தக் கணத்தில் கோடின் எந்த வரியில் நிற்கிறது என்ற பட்டியல்) ஒன்று எடுங்கள். பத்து நொடி விட்டு இன்னொன்று, மறுபடி இன்னொன்று. மூன்றிலும் பெரும்பாலான த்ரெட்கள் ஒரே வரியில் நிற்கின்றன என்றால் அந்த வரிதான் செக்போஸ்ட்.

8. நீங்க சொன்னீங்கன்னு பூல் சைஸ 10ல இருந்து 200 ஆக்கினேன். இன்னும் மோசமாயிருச்சு!

200 ஆக்கச் சொல்லி நான் எங்கே சொன்னேன்? வரிசை எங்கே நிற்கிறது என்று பார்க்கத்தான் சொன்னேன். இப்போது அது டேட்டாபேஸுக்குள் போய் நிற்கிறது. 4 கோர் உள்ள டேட்டாபேஸ் ஒரே நேரத்தில் உண்மையாக ஓட்டக்கூடியது நான்கு வேலைதான். மீதி 196ம் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு, டேட்டாவுக்குப் போடும் பூட்டையும் மெமரியையும் பிடித்துக்கொண்டு நிற்கும். இரண்டு ஆப் சர்வர் இருந்தால் 400 கனெக்ஷன். மைஎஸ்க்யூஎல் டிஃபால்ட்டாக ஏற்பது 151, போஸ்ட்கிரெஸ் 100. மீதிக்குக் கதவு சாத்தப்படும்.

டேட்டாபேஸ் கோர் எண்ணிக்கையை இரண்டால் பெருக்கி டிஸ்க் எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்வது போஸ்ட்கிரெஸ் வட்டாரத்தில் சொல்லும் ஆரம்பக் கணக்கு. 4 கோர், 1 டிஸ்க் என்றால் 9. அங்கே தொடங்கி, டெஸ்ட் செய்துகொண்டே கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள்.

9. ஸ்லோ குவெரி லாக்ல ஒண்ணுமே இல்லையே. அப்ப டேட்டாபேஸ் நல்லாத்தானே இருக்கு?

முதலில் அது ஆன் ஆகியிருக்கிறதா? மைஎஸ்க்யூஎல்லில் டிஃபால்ட்டாக ஆஃப். ஆன் செய்தாலும் 10 நொடிக்கு மேல் ஓடும் குவெரியைத்தான் (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி) எழுதும். அதை அரை நொடியாகக் குறையுங்கள்.

குறைத்த பிறகும் காலியாக இருந்தால், ஒரு பக்கத்துக்கு எத்தனை குவெரி போகிறது என்று எண்ணுங்கள். ஏலக்காய் லாட் பட்டியல் காட்டும் ஒரு பக்கம், 300 லாட்டை ஒரு குவெரியில் எடுத்துவிட்டு, ஒவ்வொரு லாட்டுக்கும் விவசாயி பெயரைத் தனித்தனியாகக் கேட்கும். மொத்தம் 301 குவெரி. ஒவ்வொன்றும் 2 மில்லிசெகண்ட், எதுவும் லாகில் வராது, ஆனால் பக்கம் அரை நொடிக்கு மேல் எடுக்கும். ஓஆர்எம் (குவெரியைத் தானே எழுதிக்கொள்ளும் லைப்ரரி) பயன்படுத்துகிறவர்கள் எல்லோர் வீட்டிலும் இது ஒன்றாவது இருக்கும். இரண்டு டேபிளையும் சேர்த்துக் கேட்கும் ஒரு ஜாயினில் தீரும்.

10. டெஸ்ட்ல பாஸ், லைவ்ல ஃபெயில். எங்க தப்பு?

பெரும்பாலும் டேட்டாவில். டெஸ்ட் டேட்டாபேஸில் 200 வரி இருந்தால் இண்டெக்ஸ் (தேடலை வேகமாக்கும் அட்டவணை) இல்லாத குவெரியும் பறக்கும். லைவ் அளவுக்கு வரிகளை நிரப்புங்கள். பெயரையும் போன் நம்பரையும் மட்டும் மாற்றிவிடுங்கள். அடுத்தது, ஸ்கிரிப்ட் ஏதோ ஒரு வண்டியைக் குலுக்கலில் எடுக்கும். நிஜத்தில் எல்லோருக்கும் வெள்ளிக்கிழமை ராத்திரி வண்டிதான் வேண்டும். எல்லா புக்கிங்கும் ஒரே வரியின் பூட்டுக்காக நிற்கும் நிலை குலுக்கலில் வரவே வராது. ஸ்கிரிப்டில் பாதிப் பேரையாவது ஒரே வண்டி மேல் ஏவுங்கள்.

இன்னொன்று நுணுக்கமானது. டூலின் ஒவ்வொரு த்ரெட்டும் பதில் வந்த பிறகுதான் அடுத்ததை அனுப்பும். சர்வர் திணறினால் டூலும் மரியாதையாகக் காத்திருக்கும், லோடு தானாகக் குறையும். நிஜக் கூட்டம் அப்படி இல்லை. சர்வர் திணறுவது தெரியாமல் நொடிக்கு 5 பேர் வந்துகொண்டே இருப்பார்கள். இப்படி மோசமான கணங்கள் கணக்கில் வராமலே போவதற்கு கணினி வல்லுநர் கில் டெனே வைத்த பெயர் கோஆர்டினேட்டட் ஒமிஷன். கே6ல் அரைவல் ரேட் வகை எக்ஸிக்யூட்டர், ஜேமீட்டர் 5.5 முதல் ஓப்பன் மாடல் த்ரெட் குரூப் இதற்காகவே இருக்கின்றன.

11. லைவ் சர்வர்லயே ராத்திரி டெஸ்ட் பண்ணிடலாமா?

பண்ணலாம், ஆனால் பேமெண்ட் கேட்வே, எஸ்எம்எஸ், மேப் சேவை இவற்றைப் பொய்ப் பதில் தரும் சின்ன சர்வரால் மாற்றிய பிறகு. அடுத்தவர் சர்வரை அவர் அனுமதியில்லாமல் அடிக்கக் கூடாது, எஸ்எம்எஸ் பில்லும் உங்களுக்குத்தான் வரும். பொய்ப் பதிலை உடனே தராமல் 3 நொடி தாமதித்துத் தரும்படி வையுங்கள். 7ல் சொன்ன கோளாறு அப்போதுதான் வெளியே வரும்.

12. கம்பத்துல நல்லா வருது, குமுளி போனா சுத்திக்கிட்டே இருக்கு. சர்வர் பிரச்சினையா, டவர் பிரச்சினையா?

என்ஜின்எக்ஸ் (ஆப்புக்கு முன்னால் நின்று ரிக்வெஸ்ட்டை வாங்கிக் கொடுக்கும் வெப் சர்வர்) லாகில் இரண்டு நேரத்தையும் எழுத வையுங்கள், டிஃபால்ட் வடிவத்தில் இரண்டும் இருக்காது. ஒன்று ரிக்வெஸ்ட் டைம் (மொத்த நேரம்), மற்றது அப்ஸ்ட்ரீம் ரெஸ்பான்ஸ் டைம் (உங்கள் ஆப் பதில் தர எடுத்த நேரம்). முதலாவது 6 நொடி, இரண்டாவது 0.3 நொடி என்றால் உங்கள் கோடு தன் வேலையை முடித்துவிட்டது. பயணியின் போனுக்குப் போய்ச்சேரத்தான் நேரமாகிறது. கொஞ்சம் பெரிய பக்கங்களில்தான் இந்த வித்தியாசம் தெளிவாகத் தெரியும்.

அதற்காகக் கையைக் கழுவிவிட முடியாது. சர்வர் அமெரிக்காவில் இருந்தால் ஒரு தடவை போய்வர 200 மில்லிசெகண்டுக்கு மேல். டிசிபி இணைப்புக்கு ஒன்று, பாதுகாப்புக்கான பழைய டிஎல்எஸ் 1.2க்கு இரண்டு, பிறகு ரிக்வெஸ்ட்டுக்கு ஒன்று என்று நாலு தடவை போய்வந்தால் முதல் எழுத்து வரும் முன்பே முக்கால் நொடி போச்சு. மும்பையில் 2016லிருந்தும் ஹைதராபாத்தில் 2022லிருந்தும் அமேசானின் கிளவுடான ஏடபிள்யூஎஸ் ரீஜியன் இருக்கிறது. பக்கத்தைச் சுருக்கி அனுப்பும் ஜிசிப்பையும் ஆன் செய்யுங்கள். தமிழும் மலையாளமும் ஓர் எழுத்துக்குறிக்கு 3 பைட் எடுப்பவை, நன்றாகச் சுருங்கும்.

எல்லைக்கே உரிய தொல்லை ஒன்றும் உண்டு. மலைப்பாதையில் போன் இந்தப் பக்கத்து டவரையும் கேரளத்து டவரையும் மாறி மாறிப் பிடிக்கும். ஐபி மாறலாம். லாகினை ஐபியோடு முடிச்சுப் போட்டு வைத்திருந்தால் பயணி பாதியில் வெளியே தள்ளப்படுவார், "ஸ்லோ" என்றுதான் புகார் சொல்வார்.

13. காலைல ஜோரா ஓடுது, சாயங்காலம் ஆக ஆக மெதுவாகுது. ரீஸ்டார்ட் பண்ணா சரியாயிருது.

ரீஸ்டார்ட்டில் சரியானால் ஏதோ ஒழுகுகிறது. மெமரியாக இருக்கலாம், திறந்து மூடாமல் விட்ட கனெக்ஷனாகவோ ஃபைலாகவோ இருக்கலாம். 1ல் சொன்ன சோக் டெஸ்டை ஓடவிட்டு எந்த வரைகோடு இறங்காமல் ஏறிக்கொண்டே போகிறது என்று பாருங்கள். ராத்திரியில் தானாக நடக்கும்படி கிரான் ரீஸ்டார்ட் போட்டு ஒப்பேற்றுகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சீசனில் அந்த ஒழுகல் மத்தியானமே நிரம்பிவிடும்.

ரீஸ்டார்ட் செய்தும் சரியாகாமல், ராத்திரி சும்மா விட்டு வைத்தால் மட்டும் சரியானால், ஏடபிள்யூஎஸ்ஸின் மலிவான டி வகை மெஷினின் சிபியு கிரெடிட் (சும்மா இருக்கும்போது சேர்ந்து, வேலை கூடும்போது செலவாகும் சிபியு நேரம்) தீர்ந்திருக்கும். டி2 மைக்ரோவில் கிரெடிட் தீர்ந்தால் கிடைப்பது ஒரு கோரில் 10 சதவீதம்.

14. 502, 504, 499 எல்லாம் ஒண்ணுதானா?

இல்லை. மூன்றும் என்ஜின்எக்ஸ் லாகில் எழுதும் பிழை எண்கள். 502 என்றால் பின்னாலிருக்கும் ஆப் செத்துவிட்டது அல்லது கதவைத் திறக்கவில்லை. 504 என்றால் ஆப் உயிரோடு இருக்கிறது, நேரத்துக்குள் பதில் சொல்லவில்லை. என்ஜின்எக்ஸ் டிஃபால்ட்டாக 60 நொடி பொறுக்கும். 499 என்றால் பயணி பொறுமையிழந்து போய்விட்டார். சைட் படுப்பதற்கு முன் முதலில் ஏறுவது இந்த 499தான். அதற்கு ஒரு அலாரம் வையுங்கள்.

15. கேஷ் போட்டா எல்லாம் சரியாயிருமா?

கேஷ் என்றால் ஒரு தடவை எடுத்த பதிலைக் கையில் வைத்துக்கொண்டு அதையே மறுபடி கொடுப்பது. பட்டியலுக்குப் போடலாம். மிச்ச சீட் எண்ணிக்கையைக்கூட சில நொடிகள் கேஷிலிருந்து காட்டலாம், கடைசியில் புக் செய்யும்போது மட்டும் டேட்டாபேஸைக் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரே சீட்டில் இரண்டு சாமி உட்காருவார்கள். கேஷ் காலாவதியாகும் அந்தக் கணத்தில் எல்லா ரிக்வெஸ்ட்டும் ஒன்றாக டேட்டாபேஸ் மேல் விழும். ஒருவர் மட்டும் புதுப்பிக்க, மற்றவர்களுக்குப் பழையதையே கொடுக்கும்படி எழுதுங்கள்.

16. ஆப் பதில் வரலைன்னா தானாவே மறுபடி கேக்குது. சர்வர எழுப்பி விட்டாலும் உடனே படுத்துருது.

போனில் இருக்கும் ஆப் மூன்று தடவை மறுபடி முயன்றால் ஒரு ரிக்வெஸ்ட் நான்காகிறது. நடுவில் இருக்கும் கேட்வேயும் மூன்று தடவை முயன்றால் பதினாறு. நோயாளிக்கு மேல் நோயாளி விழுகிற கதை. இடைவெளியை ஒவ்வொரு தடவையும் இரட்டிப்பாக்குங்கள். அதில் கொஞ்சம் குலுக்கலும் வேண்டும், இல்லாவிட்டால் எல்லா போனும் ஒரே நொடியில் திரும்பி வரும். ஒவ்வொரு புக்கிங் முயற்சிக்கும் தனி அடையாள எண் கொடுத்துவிட்டால், மறுபடி வந்தாலும் இரண்டு வண்டி புக் ஆகாது.

இப்போதைக்கு எழுப்ப வேண்டும் என்றால், என்ஜின்எக்ஸில் நொடிக்கு இத்தனைதான் என்று வரம்பு போட்டு, மீதிக்கு 503 ('இப்போது முடியாது') கொடுத்துவிட்டு, வரம்பைப் படிப்படியாக ஏற்றுங்கள். ஆப்பின் பழைய வெர்ஷன் டிரைவர்கள் போனில் இருக்கும்வரை அந்தப் பழைய ரீட்ரையும் இருக்கும் என்பதால், ஐப்பசி பாதிக்குள் புது வெர்ஷனை எல்லோரையும் போட வைத்துவிடுங்கள்.